மேஜை மேல் ஓர் ஊர்: பீங்கான் பொம்மைகள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பீங்கான் பொம்மைகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அரைப் பக்கத்துக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 'படங்கள் அருமை' என்று எழுதியவர்களுக்கு நன்றி. சண்டைக்கு வந்தவர்களுக்கும் சந்தேகம் கேட்டவர்களுக்கும்தான் இந்தப் பக்கங்கள்.

ராஜாக்களும் பிரபுக்களும் ஷோகேஸில் வைத்து அழகு பார்த்த சாமான். அதில் போய் சமூகம், மதிப்பீடு என்றெல்லாம் தேடுகிறீர்களே சார், கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

முதலில் அந்த ஷோகேஸை மறந்துவிடுங்கள். 1730, 40களில் இந்தப் பொம்மைகளின் இடம் சாப்பாட்டு மேஜை. அரண்மனை விருந்தில் சூப்பும் இறைச்சியும் போய் இனிப்பு வரும் நேரத்தில் மேஜையின் நடுவே தோட்டம், நீரூற்று, கோயில், அவற்றுக்கிடையே ஆட்கள் என்று ஒரு காட்சியை அடுக்குவார்கள். இதையெல்லாம் முன்பு சர்க்கரையிலும் மெழுகிலும் செய்தார்கள். சர்க்கரை ஈரம் பட்டால் கசியும், அடுத்த விருந்துக்குத் திரும்பவும் செய்தாக வேண்டும். ஜெர்மனியின் சாக்ஸனி நாட்டில் மைசன் என்ற ஊரில் பீங்கான் ஆலை வந்த பிறகு அந்த வேலையைப் பீங்கான் எடுத்துக்கொண்டது. சாக்ஸனியின் முதல் மந்திரியும் பீங்கான் ஆலைக்கே மேலதிகாரியுமான புரூல் பிரபு வீட்டில் இந்தப் பொம்மைகள் இருந்தது இனிப்பு தயாரிக்கும் பகுதியில் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த புரூல் வீட்டு விருந்தைப் பற்றி அங்கே தூதராக இருந்த ஓர் ஆங்கிலேயர், சார்லஸ் ஹான்பரி வில்லியம்ஸ், 1748இல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஒரே மேஜையில் 206 பேர். நடுவில் ரோம் நகரத்து பியாட்சா நவோனா நீரூற்றின் மாதிரி, எட்டடி உயரம், விருந்து முடிகிற வரைக்கும் அதில் பன்னீர் ஓடிக்கொண்டே இருந்ததாம். தோட்டத்தில் இருக்கிறோமா, ஆப்பராவில் இருக்கிறோமா என்று தெரியவில்லை என்கிறார் மனிதர். 1753இல் லண்டனில் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் இந்த மோகத்தைக் கிண்டல் செய்து ஒரு பத்திரிகைக் கட்டுரையே எழுதினார். ஜெல்லியும் மிட்டாயும் போய்விட்டன, இப்போது மேஜை முழுக்க சாக்ஸனிப் பீங்கானில் கோமாளிகள், படகோட்டிகள், துருக்கியர்கள், சீனர்கள், ஆட்டிடைச்சிகள்தான் என்று.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பிரபுக்கள். மேஜை மேல் நிற்பவர்களில் பாதிப் பேர், அந்த மேஜையில் உட்கார ஒருநாளும் அழைப்பு கிடைக்காதவர்கள். வாங்குகிறவன் தன்னைச் சுற்றியுள்ள உலகம் எப்படி இருந்தால் தனக்கு வசதி என்று நினைத்தானோ அப்படி ஒரு குட்டி ஊர் மேஜை மேல் நிற்கிறது. அவனுடைய ஆசை அதில் தெரிகிற அளவுக்கு அவன் எழுதிய கடிதங்களில்கூடத் தெரியாது என்பது என் எண்ணம்.

தங்கம் செய்யப் போன ஆள்தான் பீங்கானைக் கண்டுபிடித்தார் என்று எங்கோ படித்தேன். உண்மையா, கதையா?
— கல்லூரி மாணவி, மதுரை

உண்மை. யோஹான் ஃபிரீட்ரிஷ் பொட்கர் என்ற இளைஞர், ஈயத்தைத் தங்கமாக்குவேன் என்று சொல்லி பெர்லினில் மாட்டிக்கொள்ளப் பார்த்து, 1701இல் சாக்ஸனிக்கு ஓடி வந்தார். அங்கே 'பலசாலி' அகஸ்டஸ் என்ற மன்னர் பிடித்துப் பூட்டி வைத்து 'எனக்குச் செய்' என்றார். தங்கம் வரவில்லை. சிர்ன்ஹவுஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து களிமண்ணையும் தாதுக்களையும் சுட்டுப் பார்த்ததில் 1708, 09 வாக்கில் சீனாவின் ரகசியம் கிடைத்தது. 1710இல் மைசன் கோட்டைக்குள் ஆலை. கோட்டை எதற்கு என்றால் ரகசியம் வெளியே போகாமல் இருக்க. அப்படியும் பத்து வருடத்துக்குள் ஆட்கள் தப்பித்து வியன்னாவில் போட்டி ஆலை தொடங்கிவிட்டார்கள்.

அகஸ்டஸுக்கு இருந்த பீங்கான் வெறிக்கு ஒரு கணக்கு போதும். 1717இல் பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 சீனப் பீங்கான் பாத்திரங்களை வாங்கிக்கொண்டு பதிலுக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்தார். சிப்பாய்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை!

மீன் விற்கிறவள், காய்கறிக்காரி, எலிப்பொறி விற்கிறவன், சுரங்கத் தொழிலாளி என்று சாதாரண ஜனங்களும் பொம்மையாகியிருக்கிறார்களே. அந்தக் காலத்திலேயே உழைப்பவர்களை மதித்தார்கள் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

அப்படிச் சொல்ல எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனால் பொம்மைகள் ஒத்துழைக்க மாட்டேன் என்கின்றன.

பாரிஸ் தெருவில் கூவி விற்பவர்களை பூஷார்தோன் என்ற சிற்பி வரைந்தார், அவை 1737 முதல் அச்சுப் படங்களாக வெளிவந்தன. படங்களில் தளர்ந்த தோள், கனமான கூடை, தேய்ந்த செருப்பு எல்லாம் உண்டு. இந்தப் படங்களைப் பார்த்துத்தான் மைசனின் தலைமைச் சிற்பி கெண்ட்லரும் அவர் உதவியாளர் ரைனிக்கேயும் 1740களில் தெரு வியாபாரிப் பொம்மைகளைச் செய்தார்கள். அந்த முதல் வரிசையில் கொஞ்சம் மண்வாசம் இருக்கிறது, ஆள் கனமாக நிற்பான், சுமை சுமையாகத் தெரியும். 1753 வாக்கில் வேறொரு ஓவியர், கிறிஸ்தோஃப் ஹூயே, வரைந்த படங்களை வைத்து இரண்டாவது வரிசை வந்தது. அதே தொழில்கள்தான். ஆனால் இப்போது மீன்காரியின் இடுப்பு ஒடிசலாகிவிட்டது, ஏப்ரன் சலவைக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது, கால் நடனமாடத் தயாராக நிற்கிறது. இடைப்பட்ட பத்து வருடத்தில் பாரிஸ் ஏழைகள் பணக்காரர்களாகிவிடவில்லை. வாங்குகிறவர்களின் ரசனை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆட்டிடைச்சி பொம்மைகளைப் பாருங்கள். ரிப்பன் கட்டிய தொப்பி, ரோஜா நிறக் காலணி, மடியில் கழுவித் துடைத்த ஓர் ஆட்டுக்குட்டி. ஆடு மேய்த்த யாராவது இதைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள். கிராமத்து வாழ்க்கை கள்ளம் கபடமற்றது, கவலையற்றது, காதலுக்கு மட்டுமே நேரமுள்ளது என்று நம்புவது அரசவையின் பொழுதுபோக்காக இருந்தது. சாக்ஸனியின் தலைநகர் டிரெஸ்டனில், அரண்மனையில் பிரபுக்களே குடியானவர் வேடம் போட்டுக்கொண்டு விருந்துகள் நடத்தினார்கள். பிரான்சில் ராணி மரி அந்துவானெத் வெர்சாயில் தனக்கென்று ஒரு பொய்க் கிராமமே கட்ட ஆரம்பித்தது 1783இல், புரட்சிக்கு ஆறே வருடம் முன்னால். பீங்கான் இடைச்சியும் அந்தக் கிராமமும் ஒரே மனசில் பிறந்தவை.

சுரங்கத் தொழிலாளி பொம்மைக்கு வேறு காரணம். சாக்ஸனியின் பணம் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து வந்தது. 1719இல் இளவரசர் கல்யாணத்தில் சுரங்கத் தொழிலாளர்களை அணிவகுத்து நடக்க வைத்தார்கள், நாட்டின் செல்வத்தை விருந்தாளிகளுக்குக் காட்ட. கெண்ட்லர் செய்த சுரங்கத்தார் பெரும்பாலும் அந்த அணிவகுப்பு உடையில்தான் நிற்கிறார்கள். பூமிக்கு அடியில் எந்த உடையில் இருந்தார்கள், எவ்வளவு கரி பூசியிருந்தார்கள் என்பது மேஜைக்கு வரவில்லை.

அப்புறம் அந்தத் தையல்காரர். புரூல் பிரபுவிடம் எக்கச்சக்கமான உடைகள் இருந்தன. அவற்றைத் தைத்தவர், ஒரு தடவையாவது அரசவை விருந்து மேஜையில் தனக்கு இடம் வேண்டும் என்று கேட்டாராம். சரி என்றார்களாம். விருந்தன்று பார்த்தால் மேஜை மேல் ஓர் ஆட்டுக்கடா, அதன் மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு கத்தரிக்கோல் சகிதமாகத் தையல்காரர், பீங்கானில்! கதை எவ்வளவு நிஜமோ, கெண்ட்லர் 1740 வாக்கில் செய்த பொம்மை நிஜம். ஆட்டுக்கும் மூக்குக்கண்ணாடி உண்டு. இந்தக் கதையை இன்றும் நகைச்சுவையாகவே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டது ஒரு நாற்காலி, கொடுத்தது ஓர் ஆடு.

பெரிய குடைப் பாவாடைச் சீமாட்டி ஒருத்தி, மடியில் ஒரு குட்டி நாய், காலடியில் இன்னொரு நாய். பணக்காரப் பெண்களுக்கு நாய் வளர்ப்பதைத் தவிர வேலையில்லை என்பதைத்தான் காட்டுகிறதா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

நாயை நன்றாகப் பாருங்கள். சப்பை மூக்கு, சுருண்ட வால், பக் நாய். அது அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

1738இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமெண்ட், கத்தோலிக்கர்கள் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரச் சங்கங்களில் சேரக் கூடாது என்று தடை போட்டார். சேர்ந்தால் சபை நீக்கம். அதற்குப் பதிலாக ஜெர்மன் பகுதிகளில் 1740 வாக்கில் கிளம்பியது 'பக் நாய்ச் சங்கம்'. விசுவாசத்துக்கு நாயை அடையாளமாக வைத்தார்கள். புதிதாகச் சேர வருகிறவர் கதவைத் தட்டக் கூடாது, நாய் மாதிரி பிராண்ட வேண்டும் என்று 1745இல் வெளிவந்த ஓர் அம்பலப் புத்தகம் சொல்கிறது. இன்னும் சில சடங்குகளையும் அது விவரிக்கிறது, குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. முக்கியமான விஷயம், ஃப்ரீமேசன்கள் பெண்களைச் சேர்க்கவில்லை, பக் சங்கம் சேர்த்தது. ஆக, அந்தச் சீமாட்டியின் மடியில் இருப்பது ஓர் உறுப்பினர் அட்டை. அந்த நூற்றாண்டில் ஒரு பெண் ஒரு சங்கத்தின் ரகசியத்தைப் பகிர்ந்துகொள்பவளாகப் பீங்கானில் நிற்பது சாதாரண விஷயமில்லை.

அதற்காக எல்லா பக் நாயும் ரகசியச் சங்கம் என்று போகாதீர்கள். லண்டன் செல்சீ ஆலை செய்த பக், ஓவியர் ஹோகார்த்தின் சொந்த நாய், பெயர் டிரம்ப். அதில் ரகசியம் ஒன்றுமில்லை.

இந்தப் பொம்மைகள் பெரிய இடத்தைக் கிண்டல் செய்ததே இல்லையா? எப்போதும் ஏழையைப் பார்த்துத்தான் சிரிப்பா?
— ஒரு வாசகர், சேலம்

நல்ல கேள்வி, ஏனென்றால் பதிலைத் தேட இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மைசன், பிரான்சின் செவ்ர், ஜெர்மனியில் பவேரியாவின் நிம்ஃபன்பர்க் எல்லாம் அரசர்களின் ஆலைகள். அங்கே கோமாளிக்குக் கொஞ்சம் இடம் உண்டு. இத்தாலியத் தெரு நாடகத்துக் கோமாளி ஹார்லெக்வின் எஜமானை ஏமாற்றுவான், எதிராளியின் மனைவியைக் கொஞ்சுவான், அதைச் செய்ய முகமூடி வேண்டும். நிம்ஃபன்பர்கில் புஸ்டெல்லி செய்த 16 நாடகப் பொம்மைகள் மாதிரி உடம்பை வளைத்துச் செய்தவர்கள் எவரும் இல்லை என்பேன். ஆனால் அந்தக் கேலிக்கும் எல்லையை வகுத்தவர் அரசர்தான்.

இங்கிலாந்தில் ஆலைகள் தனியார் முதலாளிகளுடையவை. விற்றால்தான் சோறு. வாங்குகிறவர்கள் பிரபுக்களோடு நிற்கவில்லை, வியாபாரி, வக்கீல், பண்ணைக்காரர் என்று இறங்கிக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்கு யார் மேல் கோபம்? பாதிரியார் மேல்! விளைச்சலில், கால்நடையில் பத்தில் ஒன்று சபைக்குத் தசமபாகம், சட்டப்படி. 1760களில் டெர்பி ஆலை செய்த ஒரு தொகுதி இருக்கிறது, நீங்கள் ஒரு தடவையாவது படத்திலாவது பார்க்க வேண்டும். தொப்பையும் தொப்பியுமாகப் பாதிரியார் பத்தாவது பன்றிக்குட்டியை வாங்க வந்திருக்கிறார். பண்ணைக்காரன் பன்றியோடு நிற்கிறான். அவன் மனைவி கைக்குழந்தையை நீட்டுகிறாள்: இது எனக்குப் பத்தாவது, இதையும் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் பன்றியும் கிடையாது. பாதிரியாரின் முகம் போகிற போக்கு! ஸ்டாஃபர்ட்ஷயர் மண்பாண்டக்காரர்கள் இன்னும் மலிவாக, இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். பிரசங்க மேடையில் பாதிரியார் தூங்குகிறார், கீழே அவருடைய எழுத்தர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார். இதே ஸ்டாஃபர்ட்ஷயரில் ஈனக் உட் என்பவர் 1781இல் மெதடிஸ்ட் தலைவர் ஜான் வெஸ்லியின் மார்பளவுச் சிலையைச் செய்தார், அது ஏராளமாகப் பிரதியெடுக்கப்பட்டது. தூங்கும் பாதிரியாரையும் குதிரை மேல் ஊர் ஊராகப் போய்த் திறந்தவெளியில் பேசிய வெஸ்லியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த ஊர்க்காரர்கள் மதத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்குத் தனியாகப் புத்தகம் வேண்டாம்.

அரசியலும் வந்தது. மன்னரின் அரசாங்கத்தோடு மோதிச் சிறைக்குப் போன ஜான் வில்க்ஸை, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டாவும் உரிமைச் சாசனமும் பக்கத்தில் இருக்க, டெர்பி பொம்மையாக விற்றது. கேதரின் மெக்காலே என்ற வரலாற்றாசிரியைக்கும் அதே ஆலையில் பொம்மை. அழகிக்கோ ராணிக்கோ அல்ல, வரலாறு எழுதிய ஒரு பெண்ணுக்கு. அதற்கும் முன்னால், 1750இல், லண்டனின் 'போ' ஆலை கிட்டி கிளைவ் என்ற மேடை நடிகையையும் ஹென்றி உட்வர்ட் என்ற நடிகரையும் செய்தது. ரசிகர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். ராஜாவுக்கும் சாமிக்கும் மட்டுமே சிலை என்ற வழக்கம் உடைந்தது பெரிய சிற்பக் கூடங்களில் என்று நினைப்போம். அதில் பாதி வேலையை கணப்படுப்பின் மேல்திட்டில் வைக்கும் பொம்மைகள் செய்து முடித்துவிட்டன.

அடிமை வியாபாரம் உச்சத்தில் இருந்த நூற்றாண்டு. அது பொம்மைகளில் தெரிகிறதா?
— ஒரு வாசகி, புதுச்சேரி

தெரிகிறது, ஆனால் புன்னகையோடு.

1737இல் கெண்ட்லர் செய்த ஒரு தொகுதி. சீமாட்டி உட்கார்ந்திருக்கிறாள், ஒருவன் அவள் கையை முத்தமிடுகிறான், பக்கத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் தட்டில் பானம் நீட்டுகிறான். தொகுதியின் பேச்சு முழுக்க அந்த முத்தம்தான். சிறுவன் மேஜை நாற்காலி மாதிரி ஒரு பொருளாக அங்கே இருக்கிறான். ஆனால் அவன் கையில் இருப்பதைப் பாருங்கள், சாக்லேட், காபி, சர்க்கரை. இவற்றில் பெரும்பகுதியை விளைவித்தது கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கக் கண்டத்திலும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். முதல் பதிலில் சர்க்கரைப் பொம்மைகள் போய்ப் பீங்கான் வந்தது என்றேன் அல்லவா, பீங்கான் வந்த பிறகும் அதைச் சுற்றி வைக்கச் சர்க்கரைதான் வேண்டியிருந்தது. சர்க்கரைக் கிண்ணத்தையே ஒரு கறுப்பின ஆளோ பெண்ணோ தாங்கிப் பிடிப்பது போலவும் மைசனில் செய்தார்கள். யாருடைய உழைப்பு என்று தெரியாமல் செய்ததாகச் சொல்லவே முடியாது. தெரிந்து, அதை அழகாக்கினார்கள்.

'நான்கு கண்டங்கள்' என்ற வரிசை பல ஆலைகளிலும் உண்டு. ஐரோப்பாவுக்குக் கிரீடமும் குதிரையும், ஆசியாவுக்கு ஒட்டகம், ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம், அமெரிக்காவுக்கு இறகுத் தலையணியும் முதலையும். கிரீடம் யாருக்கு என்பதைக் கவனித்தால் போதும்.

நூற்றாண்டின் கடைசியில் ஒரு திருப்பம். இது பொம்மை இல்லை, சின்ன வில்லை. 1787இல் லண்டனில் அடிமை வியாபார ஒழிப்புச் சங்கம் தொடங்கியபோது அதில் இருந்த ஜோசையா வெட்ஜ்வுட், தன் ஆலையில் ஒரு பதக்கத்தைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். சங்கிலியோடு மண்டியிட்ட ஒரு கறுப்பின மனிதன், சுற்றி 'நானும் மனிதன் அல்லவா, சகோதரன் அல்லவா' என்ற வாசகம். அடுத்த வருடம் அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் ஒரு கட்டு அனுப்பினார். நன்றாக எழுதப்பட்ட ஒரு துண்டுப் பிரசுரம் செய்யும் வேலையை இது செய்யும் என்கிற அளவுக்கு ஃபிராங்க்ளினுக்குப் பிடித்திருந்தது. பெண்கள் அதை வளையலிலும் கொண்டை ஊசியிலும் பதித்துக்கொண்டார்கள், ஆண்கள் பொடிட்டப்பா மூடியில். பீங்கான் கலையின் திறமையை ஒரு நியாயத்துக்குப் பயன்படுத்திய முதல் பெரிய பிரசாரம் இது என்று தாராளமாகச் சொல்லலாம். எனக்கு இதிலும் ஒரு உறுத்தல் உண்டு. அந்த மனிதன் மண்டியிட்டுத்தான் கேட்கிறான். எழுந்து நின்று கேட்டிருந்தால் எத்தனை கொண்டையில் ஏறியிருப்பான்?

தமிழருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? சும்மா ஆசைக்குக் கேட்கிறேன்.
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

ஆசைக்குக் கேட்டாலும் சரியான ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 1750 வாக்கில் மைசனில் ஃபிரீட்ரிஷ் எலியாஸ் மையர் என்ற சிற்பி 'மலபார்' ஆண், பெண் என்று ஒரு ஜோடி செய்தார். அந்தக் காலத்து ஜெர்மன்காரர்கள் தமிழரையும் மலபாரிகள் என்றே எழுதினார்கள், தரங்கம்பாடிப் பாதிரிமார்களின் கடிதங்களைப் பார்த்தால் தெரியும். இந்த ஜோடியைப் பார்த்துத் தமிழர் யாரும் தன்னை அடையாளம் கண்டுகொள்ள முடியாது. ஆண் வாசிப்பது கிட்டார், பெண் வாசிப்பது கைப்பிடியைச் சுற்றி ஒலியெழுப்பும் ஐரோப்பியத் தெரு வாத்தியம். கிழக்கு என்றால் சீனமும் துருக்கியும் இந்தியாவும் ஒன்றாகக் குழைத்த ஒரு கலவை, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

எனக்கு இதில் வியப்பு வேறு இடத்தில். நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று அச்சகம் போட்ட சீகன்பால்கு பிறந்தது இதே சாக்ஸனியில், டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில். நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் விரிவாக எழுதி ஜெர்மனிக்கு அனுப்பிய நூல், அங்கே அச்சேறாமல் கிடந்து 1867இல்தான், அதுவும் சென்னையில், வெளிவந்தது. விவரம் தெரிந்த கையெழுத்துப் பிரதி அலமாரியில் தூங்கியது, விவரம் தெரியாத பொம்மை மேஜைக்கு வந்தது. போகிற போக்கில் ஒன்று: பீங்கான் கண்டுபிடித்த பொட்கரும் சீகன்பால்குவும் 1682இல் பிறந்து 1719இல், சில வாரங்கள் இடைவெளியில், இறந்தவர்கள். இதில் தத்துவம் ஏதும் இல்லை, தெரிந்ததைச் சொன்னேன்.

ஏன் எல்லாப் பொம்மைக்கும் பின்னால் ஒரு மரக்கட்டை முளைத்திருக்கிறது?
— ஆறாம் வகுப்பு மாணவன், ஈரோடு

சூளையில் விழாமல் இருக்க தம்பி. நல்ல பீங்கான் ஏறத்தாழ 1,350, 1,400 டிகிரி சூட்டில் வேகும்போது இளகும், ஆறில் ஒரு பங்கு வரை சுருங்கவும் செய்யும். இரண்டு மெல்லிய கால் மட்டும் இருந்தால் பொம்மை மடங்கி உட்கார்ந்துவிடும். அதனால் மரக்கட்டை, பாறை, புதர் என்று ஏதாவது ஒன்று முதுகைத் தாங்கும். குடைப் பாவாடைச் சீமாட்டிக்கு மட்டும் கட்டை வேண்டாம், பாவாடையே போதும்!

உன் கேள்வியை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிற்பி செய்வது ஒரே ஒரு மூல உருவம். அதைக் கை, கால், தலை என்று வெட்டி ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து, கூழான களிமண்ணைப் பசையாக வைத்து ஒட்டி, விரல் மூக்கு எல்லாம் சீராக்குவது வேறு ஆட்கள், வண்ணம் தீட்டுவது இன்னும் வேறு ஆட்கள். கெண்ட்லர் ஒவ்வொரு மாதமும் என்ன செய்தேன் என்று எழுதிக் கொடுத்த குறிப்புகள் இருப்பதால் அவர் பொம்மைகளுக்கு வருடம் சொல்ல முடிகிறது. ஒட்டியவர்களுக்கும் தீட்டியவர்களுக்கும் பெரும்பாலும் பெயரே இல்லை. ஸ்டாஃபர்ட்ஷயரில் களிமண்ணோடு கலக்கச் சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடியாக்கினார்கள், அந்தத் தூசியை மூச்சில் இழுத்து நுரையீரல் கெட்டுச் செத்தவர்கள் பலர். தண்ணீரில் வைத்து அரைக்கும் முறைக்கு அந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே காப்புரிமை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் தூசி நோய் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. தெரு வியாபாரி, சுரங்கத்தார், தையல்காரர் எல்லாருக்கும் பொம்மை உண்டு. பொம்மை செய்த தொழிலாளிக்குத்தான் அவ்வளவாக இல்லை.

பாட்டி வீட்டுப் பரணில் ஒரு பீங்கான் ஜோடி கிடைத்தது. அடியில் நீல நிறத்தில் இரண்டு வாள் குறுக்காக. மைசன் முத்திரை என்று நெட்டில் போட்டிருக்கிறது. கோடி ரூபாய் பெறுமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

அந்த முத்திரையை மைசன் 1720களிலிருந்து போட்டு வருகிறது. அது பேர் பெற்ற நாளிலிருந்து மற்றவர்களும் போட்டு வருகிறார்கள். பாரிசில் 19ஆம் நூற்றாண்டில் சாம்சன் என்ற நிறுவனம் பழைய பீங்கான்களைப் பார்த்துச் செய்வதையே தொழிலாக வைத்திருந்தது. அது போதாதென்று மைசனே தன் பழைய அச்சுகளிலிருந்து அதே பொம்மைகளை இன்று வரை செய்து விற்கிறது. ஆக, முத்திரை நிஜமாகவே இருந்தாலும் பொம்மை 1740ஆக இருக்கலாம், 1880ஆகவும் இருக்கலாம். செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்த ஐரோப்பியச் சாமான்களில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் வந்தது என்பதையும் மனதில் வையுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியது, அடிப்பாகத்தைப் படம் எடுத்து, எண் ஏதாவது களிமண்ணில் கீறியிருக்கிறதா என்று பார்ப்பது. வரிசை எண் ஒழுங்காகக் கீறியிருந்தால் பெரும்பாலும் பிற்காலம். தங்கப்பூச்சு கண்ணைப் பறித்தாலும் சந்தேகப்படுங்கள். ஹைதராபாத் போனால் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஐரோப்பியப் பீங்கான் பகுதி இருக்கிறது, நிஜத்தைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் உங்கள் ஜோடியைப் பற்றி உங்களுக்கே ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். அதுவரை எலுமிச்சை, புளி, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதையும் அதன் மேல் போடாதீர்கள். பழைய வண்ணம் மேல்பூச்சின் மேலே தீட்டியது, தேய்த்தால் போய்விடும். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். விரல்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றனவா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பீங்கானில் முதலில் உடைவது அதுதான்.